மாமனாருக்கு எதிரே நின்ற ராஜா

ஒரு விஷயம் சுத்தமாகத் தெரியாமல் இருப்பதில் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. அரைகுறையாகப் புரிந்துகொண்டு, புரிந்துவிட்டது என்ற தெம்பில் அதைக் குடும்பத்துக்குள் கொண்டு வரும்போதுதான் குடி கெடுகிறது. சதுரங்கத்தில் 'ஆப்போசிஷன்' என்று ஒன்று உண்டு. அது தெரியாமல் இருந்தவரை நான் தோற்றது ஒரே ஓர் ஆட்டம். தெரிந்த பிறகு தோற்றதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

எனக்கும் சுகன்யாவுக்கும் வைகாசியில் கல்யாணம். நான் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் டெஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, நாகல் நகரில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவளுக்குச் சித்தையன்கோட்டை. அம்மா இல்லாத பெண், ஒரே மகள். அவள் அப்பாவுக்குக் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் சம்பங்கிப் பூ. அதிகம் பேசாத மனிதர். நான் நாலு வாக்கியம் பேசினால் "ம்" என்பார், மேலும் நாலு பேசினால் "சரித்தான்" என்பார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே பக்கத்து வீட்டில் தனிக்கட்டையாக அவருடைய அண்ணன் இருந்தார். அவரை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அவர் சிரித்தால் செம்பட்டி ரவுண்டானாவில் பஸ் நிற்கும் (சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஆத்தூர் வரைக்குமாவது கேட்கும்).

புதுப்பெண்ணை ஆடி மாதத்தில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு நாள் விருந்து, பிறகு அவன் மட்டும் தனியாகத் திரும்ப வேண்டும். எனக்கும் விருந்து நடந்தது. கறிச்சோறு தொண்டை வரை ஏறியிருந்த நேரத்தில் மாமனார் உள்ளே போய் ஒரு சதுரங்கப் பலகையைக் கொண்டு வந்து என் முன்னால் விரித்தார். பேச்சு வராதவர் என்னோடு உட்கார அவருக்குத் தெரிந்த வழி அதுதான் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டேன். மில் கேன்டீனில் நாலு பேரைத் தோற்கடித்திருந்த திமிர் வேறு.

ஆட்டம் நீண்டு, கடைசியில் என்னிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. அவரிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் ராணியாகிவிடும், நான் காலி. தொடவிடாமல் வழியை மறித்துவிட்டால் டிரா, மானம் தப்பும். என் ராஜா சிப்பாய்க்கு நேர் முன்னால்தான் நின்றது. அவருடைய ராஜா சிப்பாயின் பின்னாலிருந்து மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்தது. நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. நேராக ஒரு கட்டம் பின்னால் போய்ச் சும்மா நின்றிருக்க வேண்டும். அவர் எந்தப் பக்கம் ஏறி வந்தாலும் அப்போது போய் எதிரே நின்றிருக்கலாம். ஆனால் பின்னால் போவதாவது, நான் மாப்பிள்ளை அல்லவா! அவர் நகர்ந்த பக்கத்துக்கே பாய்ந்து, அவரை எதிர்ப்பதற்காக முந்திப் போய் நின்றேன். அவர் அமைதியாக ஒரு கட்டம் முன்னால் வந்தார். இப்போது இரண்டு ராஜாக்களும் நேருக்கு நேர், நடுவில் ஒரே ஒரு கட்டம். ராஜாவும் ராஜாவும் உரசி நிற்கக் கூடாது என்பது விதி. நகர வேண்டியது என் முறை. வேறு வழியில்லாமல் விலகினேன், சிப்பாய் பாட்டுக்கு நடந்து போனது.

"மாப்ள வீராப்பா எதுக்கப் போயி நின்னாரு பாரு! நின்ன எடத்துலயே சோலிய முடிச்சுட்டான்யா எந்தம்பி!" என்று பெரிய மாமா சிரித்தார். அடுப்படியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பணியாரத் தட்டோடு வந்த சுகன்யாவும் சிரித்துவிட்டாள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னொரு ஆட்டம் போடுவமா மாப்ள?" என்று கேட்டார். நான் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

திண்டுக்கல் வந்து சேர்ந்தும் பெரிய மாமாவின் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து, நான் தோற்ற காரணத்தைக் கண்டுபிடித்தேன். அதுதான் ஆப்போசிஷன். இரண்டு ராஜாக்கள் ஒரு கட்டம் விட்டு எதிரெதிரே நிற்கும்போது, நகர வேண்டியவன் தோற்றான், நிற்பவன் ஜெயித்தான். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. முதலில் நகராதே! இதற்குப் போய்ப் பலகை எதற்கு, காய் எதற்கு? இது வாழ்க்கைக்கே ஆன விதி என்று தோன்றியது. (அந்த வீடியோவிலேயே, 'ஆப்போசிஷன் ஒரு வழிதான், அதுவே முடிவு அல்ல' என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்குள் நான் வேறு வீடியோவுக்குப் போய்விட்டேன்.)

ஆவணி பிறந்தது. சுகன்யாவை யார் கூட்டி வருவது என்ற கேள்வியும் கூடவே பிறந்தது. வேடசந்தூரில் அண்ணன் வீட்டில் இருந்த அம்மா போனில் தீர்ப்புச் சொன்னாள். "கூட்டிட்டுப் போனது அவுக. கொண்டாந்து விடுறதும் அவுகதேன். நீ பாட்டுக்கு எறங்கிப் போயிராத." சுகன்யாவைக் கேட்டால் அவள் வேறு சொன்னாள். "எங்க பக்கமெல்லாம் மாப்ள வந்துதேன் கூட்டிட்டுப் போவாக. எப்ப வாரீக?"

"உங்கப்பா ஒரு வார்த்தை கூப்பிடட்டும்."

"பொண்டாட்டிய வந்து கூட்டிட்டுப் போகவும் ஒருத்தர் கூப்பிடணுமாக்கும்?"

"அவர் கொண்டு வந்து விடட்டும்."

"அப்பாகிட்ட நான் எப்புடிச் சொல்ல? என்னைய வெரட்டி விடுங்கன்னா?"

எனக்கு இரண்டு ராஜாக்களும் நடுவில் இருந்த ஒரு கட்டமும் கண்ணெதிரே தெரிந்தன. இந்தத் தடவை நகரப் போவது நான் இல்லை.

அந்த நாட்களைப் பற்றிச் சிரித்துக்கொண்டு எழுத முடியவில்லை. மாடி வீட்டில் குழாயில் தண்ணீர் வரும் நாளில் நான் மில்லில் இருப்பேன், நான் இருக்கும் நாளில் தண்ணீர் வராது. சோறு ஒன்று குழைந்தது, இல்லாவிட்டால் தீய்ந்தது. பரோட்டாக் கடையில் என்னைப் பார்த்ததும் கேட்காமலே இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் சுகன்யா விட்டுப்போன செருப்பில் தூசி ஏறியது. அதைத் துடைத்தால்கூட நான் நகர்ந்த கணக்கில் வருமோ என்று பயந்து துடைக்காமல் விட்டேன். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டே சட்டை மாட்டும்போது அழுதுவிட்டேன். அழுது முடித்து, முகம் கழுவி, மறுபடியும் நகராமல் இருந்தேன்.

அடுத்ததாகத் தூர ஆப்போசிஷன் என்று ஒன்றைக் கற்றேன். ராஜாக்கள் எவ்வளவு தூரத்தில் நின்றாலும் நடுவில் இருக்கும் கட்டங்கள் ஒற்றைப்படையாக இருந்தால், அப்போதும் நகர வேண்டியவனுக்குத்தான் கஷ்டம். உடனே திண்டுக்கல்லுக்கும் சித்தையன்கோட்டைக்கும் நடுவே இருக்கும் பஸ் ஸ்டாப்புகளை எண்ணினேன். இரட்டைப்படை வந்தது. கண்டக்டர் விசில் அடித்தால் மட்டும் நிற்கிற ஒரு புளியமரத்தடியையும் சேர்த்துக்கொண்டேன். ஒற்றைப்படை ஆயிற்று, நிம்மதியாக இருந்தது. (இதை வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. மில்லில் தெரிந்தால் என்னை டெஸ்பாட்ச் செய்துவிடுவார்கள்.)

புரட்டாசியில் பெரிய மாமா போன் செய்தார்.

"மாப்ள, எந்தம்பிக்கு வாயில்ல. உங்களுக்கு மனசில்ல. நடுவுல பிள்ள மொகம் வாடிப் போயிருக்கு. நான் வேணா கூட்டியாந்து விடவா? எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க, போதும்."

எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பது இப்போது வலிக்கிறது. அன்றைக்கு நான் சொன்னது இது: "நீங்க எதுக்கு மாமா சிரமப்படணும்? சுகன்யா அப்பாவே வரட்டும்."

"சரி மாப்ள. நல்லா இருங்க" என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

எனக்கு என்ன தைரியம் என்றால், தீபாவளி வந்துகொண்டிருந்தது. தலைத் தீபாவளி. மாமனார் நேரில் வந்து, தட்டு வைத்து, மாப்பிள்ளையை அழைத்தே ஆக வேண்டும். அதில் இந்த வழக்கம் அந்த வழக்கம் என்ற பேச்சே இல்லை. சதுரங்கத்தில் நகர மனமில்லாதவனையும் நகரச் சொல்லி முறை வந்து நிற்குமே, அப்படிக் காலண்டரே அவரை நகர்த்தப் போகிறது. நான் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவர் உட்கார ஒரு நாற்காலியும் வாங்கி வைத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் குளித்து, சட்டை போட்டு, அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் வந்தது சுகன்யாவின் போன். "பெரியப்பா போயிட்டாரு" என்றாள். காலையில் தோப்புக்குப் போன மனிதர், மோட்டார் ரூம் பக்கத்தில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாராம். அவ்வளவுதான் சொன்னாள். வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. துட்டிக்கு, அதாவது சாவு வீட்டுக்கு, யாரும் யாரையும் அழைப்பதில்லை, சேதி கேட்டால் போக வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூடப் போய்விடுவான்.

நானும் போனேன். ஆனால் எப்படிப் போனேன் என்பதைத்தான் இன்றுவரை அந்த ஊர் பேசுகிறது. மாலை வாங்கவில்லை. மாலையோடு போனால் முறையோடு வந்த மாப்பிள்ளை ஆகிவிடுவேன், மாப்பிள்ளையாகப் போனால் நகர்ந்தவன் ஆகிவிடுவேன். வெறுங்கையோடு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் பெரிய மாமாவின் 'நல்லா இருங்க' என்ற குரல் கூடவே வந்தது. கண் கலங்கியது உண்மை. கலங்கிய கண்ணோடு நான் கணக்கும் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

வீட்டு முன்னால் தெருவை அடைத்து மெயின் ரோடு வரைக்கும் பந்தல். பெண்கள் மாரடித்து அழும் சத்தம். பந்தலின் வாயிலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், முதல் ஆள் என் மாமனார். துட்டிக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக அவர்களிடம் போய்க் கையை நீட்டித் தொட்டுவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். பந்தலுக்கு எதிரே, மெயின் ரோட்டின் அந்தப் பக்கம் ஓர் உரக்கடை இருந்தது. நான் பைக்கை நிறுத்திவிட்டு, அந்த உரக்கடைத் தகரத்தின் கீழே போய் நின்றேன். நேர் எதிரே மாமனார். நடுவில் ஒரு ரோடு, ஒரு கட்டம். நகர வேண்டியது அவர் முறை.

நான் நின்றேன். வெயில் ஏறியது. ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "பிளக்ஸ் கட்ட வந்த ஆளா? இன்னொன்னு அந்தக் கம்பத்துல கட்டணும். கயிறு எங்க?" என்றார்.

"இல்லைங்க, நான் துட்டிக்கு வந்தேன்."

"துட்டிக்கு வந்தவரு இங்குட்டு ஏன் நிக்கிறீக? வீடு அங்குட்டுல்ல இருக்கு!"

அவர் கை காட்டிய பக்கம்தான் நான் முதல்முதலாக அந்த பிளக்ஸைப் பார்த்தேன். நடுவில் பெரிய மாமா, பெரிதாக. கீழே 'கண்ணீருடன்' என்று போட்டு, குடும்பத்தார் படங்கள் வரிசையாக. முதலில் என் மாமனார். அவருக்கு அடுத்து நான். கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த என் முகம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே 'மருமகன்' என்று என் பெயர். இத்தனை மாதம் எட்டிப் பார்க்காத என்னைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். பெரியவர் பிளக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பிளக்ஸைப் பார்த்தார். "அட, நம்ம வீட்டு மாப்ளையா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தல் முழுக்கத் திரும்பியது.

மாமனாரும் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவுடன் எழுந்துவிட்டார். துட்டி வரிசையில் உட்கார்ந்தவர் அப்படி எழுந்து போகக் கூடாது, பக்கத்தில் இருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கேட்கவில்லை. செருப்பில்லாத காலோடு, கொதிக்கும் தார் ரோட்டில், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்காமல் இறங்கி நடந்தார். ஒரு டவுன் பஸ் பிரேக் போட்டு நின்றது. டிரைவர் திட்ட வாயெடுத்து, பந்தலைப் பார்த்து அடங்கிவிட்டார். மாமனார் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டீகளா மாப்ள. அண்ணே போயிட்டாரு மாப்ள. எனக்கு இனி யாரு இருக்கா?"

என் சட்டையில் முகத்தை வைத்து அழுதார். நான் ஒன்று சொல்கிறேன், திட்டிக்கொள்ளுங்கள். அந்த முதல் நொடியில் என் மண்டைக்குள் ஓடியது, 'நகர்ந்துவிட்டார், ஜெயித்துவிட்டேன்' என்பதுதான். அடுத்த நொடியில் அவருடைய உள்ளங்கால் சுட்டு, காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே அழுகிறார் என்பது தெரிந்தது. என் செருப்பைக் கழற்றிக் கொடுக்கலாம் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெரியவர்தான் தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் தள்ளினார்.

எல்லாம் முடிந்து, ஆட்கள் கலைந்த பிறகு, கொல்லைப்புறத்தில் சுகன்யாவைப் பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கப்பா எந்திரிச்சு வரணும்னுதேன் ரோட்டுல நின்னீகளா?"

நான் அவளிடம் விளக்க முயன்றேன். ஆமாம், விளக்கினேன். ராஜாவுக்கு எதிரே ராஜா, நடுவில் ஒரு கட்டம், யார் நகர வேண்டும் என்பதுதான் விஷயம் என்று, சாம்பல் வாசனை அடிக்கும் வீட்டின் கொல்லையில், வாளித் தண்ணீர் பக்கத்தில் நின்று, கையால் கட்டம் போட்டுக் காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"எங்கப்பா உங்களோட வெளையாடவே இல்லியே" என்றாள். "ஆடியோட அந்தப் போர்ட மடிச்சு வச்சுட்டாரு. மாப்ள மனசு நொந்து போனாருன்னு. என்னையக் கொண்டாந்து விட்டா இந்த வீட்டுல ஒத்தையா இருக்கணும். அதேன் இன்னைக்கு நாளைக்குன்னு இருந்தாரு. அதச் சொல்லவும் வெக்கம் அவருக்கு. பெரியப்பாவுக்குத் தெரியும். அதேன் தானா வாரேன்னு உங்ககிட்டக் கேட்டாரு."

என் கை இன்னும் கட்டம் போட்டபடியே அந்தரத்தில் நின்றது. இத்தனை மாதமும் எதிரில் ஆளே இல்லாத பலகையில் நான் ஒருவன் மட்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆள் இல்லாத ஆட்டத்திலும் தோற்றவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"நீ கிளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

"நான் இப்ப வரல" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அப்பா முறை இல்ல, உங்க முறை இல்ல. எனக்கு வரத் தோணல" என்று உள்ளே போய்விட்டாள்.

துட்டி வீட்டுக்குத் தீபாவளி கிடையாது. எனக்கும் அந்த வருடம் தீபாவளி கிடையாது. ஊரே வெடித்துக்கொண்டிருக்க, புது நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டேன். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் சித்தையன்கோட்டைக்குப் போனேன். யாரும் அழைக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மாமனாரோடு சம்பங்கி பறிப்பேன், அவர் "ம்" என்பார். சுகன்யா சோறு போடுவாள், பேச மாட்டாள். மார்கழியில் ஒரு ஞாயிறு, நான் கிளம்பும்போது அவள் பையோடு வந்து பைக்கில் ஏறி உட்கார்ந்தாள்.

"யாரும் கொண்டாந்தும் விடல, யாரும் கூட்டிட்டும் போகல. நானா வாரேன். உங்க அம்மாகிட்ட இப்புடியே சொல்லுங்க" என்றாள். வண்டி தெரு முனை திரும்பும்போது பார்த்தேன். மாமனார் கேட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றிருந்தார். பக்கத்து வீடு பூட்டியிருந்தது.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எனக்கு 'ரோட்டுக்கு அங்கிட்டு மாப்ள' என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டு பேர் "நீங்க உக்காருங்க", "நீங்க மொதல்ல" என்று நின்றால் போதும், "யாராச்சும் நகருங்கப்பா, ரோட்டுக்கு அங்கிட்டு மாப்ள பாத்தா கட்டம் எண்ண ஆரம்பிச்சிருவாரு" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். சுகன்யாதான் எல்லோருக்கும் மேலே சிரிப்பாள். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பு திரும்ப வரப் பல நாள் ஆயிற்று.

மாமனாருக்கு இப்போது முழங்கால் சரியில்லை. எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் என் பைக் சத்தம் கேட்டால் எழுந்து கேட்டுக்கு வந்துவிடுகிறார், யார் சொல்லியும் கேட்பதில்லை. அதனால் நான் தெரு முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடுகிறேன். அவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஓடுகிறேன். தெருவே நின்று வேடிக்கை பார்க்கிறது.

போன ஞாயிறும் ஓடினேன். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எதுக்கு மாப்ள இப்புடி ஓடியாரீக? நான்தேன் வாரேன்ல?" என்றார்.

மூச்சு வாங்க, அவர் கையைப் பிடித்து நாற்காலிக்குக் கூட்டிப் போனேன்.